ராமாயணம்: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா

வால்மீகி ராமாயணத்தைத் தழுவி ஜப்பானும் இந்தியாவும் கூட்டாக உருவாக்கிய முழுநீள அனிமே திரைப்படம். இயக்கம்: யூகோ சாகோ, கொய்ச்சி சசாகி, ராம் மோகன். இசை: வன்ராஜ் பாட்டியா. இந்திய அகழாய்வு பற்றிய ஆவணப்படப் பணிக்காக 1983இல் இந்தியா வந்த சாகோ, இக்காப்பியத்தின்பால் ஈர்க்கப்பட்டார். படம் 1993 ஜனவரியில் புதுதில்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது.

இரு அசைவூட்ட மரபுகள் இதில் சந்திக்கின்றன. ராம் மோகன் இந்திய அரசின் திரைப்பட நிறுவனமான பிலிம்ஸ் டிவிஷனில் 1956இல் சேர்ந்து, டிஸ்னியின் ‘பாம்பி’ படத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸிடம் பயின்றவர். டிஸ்னி முறை நொடிக்கு 24 சட்டகங்களில் ஏராளமான ஓவியங்களைப் பயன்படுத்தி உடலசைவை இடையறாமல் காட்டும். ஒசாமு தெசூகாவின் ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடர் (1963) முதல் ஜப்பானியத் தொலைக்காட்சி வேறு வழியில் சென்றது. செலவைக் குறைக்க ஓவியங்களின் எண்ணிக்கை சுருங்கியது. அசையாத முகம், நகரும் பின்னணி, ஜப்பானியப் படக்கதையான மங்காவின் கட்டங்களை நினைவூட்டும் காட்சிக்கோணம் ஆகியவை உணர்ச்சியைத் தாங்கின. சிக்கனத்தில் பிறந்த இம்முறையே பின்னர் அனிமேயின் தனி அழகியலாயிற்று.

இப்படத்தின் வரைகலை பெரும்பாலும் ஜப்பானியமே. வேட்டி கட்டும் விதம், பெரியோரிடம் ஆசி பெறும் முறை போன்றவற்றை இந்தியக் கலைஞர்கள் விளக்கினர். 4கே தரத்தில் மெருகேற்றப்பட்ட பதிப்பு, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் 2025 ஜனவரி 24 அன்று இந்தியத் திரையரங்குகளில் வெளியானது.