பாட்டெழுதியவர் பெயர் எங்கே போயிற்று?

தமிழ்த் திரைப்பாடலின் வரலாற்றை எழுதுவோர் இசைத்தட்டையும் ஒலிநாடாவையும் பற்றி விரிவாகப் பேசுவார்கள். எம்பி3 கோப்புகள் நிறைந்த குறுவட்டைக் கார் ஸ்டீரியோவுக்குள் செருகிக் கேட்ட காலத்தையோ ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். குறுகிய காலம்தான். ஆனால் பாடலாசிரியர் என்ற ஒருவரைக் கேட்பவர் கண்ணிலிருந்து மறைத்ததில் அக்காலத்துக்குப் பெரும் பங்குண்டு என்பது நம் எண்ணம்.

வண்டிக்குள் பாட்டுக் கேட்கும் ஆசை பழையது. 1956இல் கிரைஸ்லர் நிறுவனம் காருக்குள் இசைத்தட்டையே சுழலவிட்டுப் பார்த்தது, அது நிலைக்கவில்லை. 1963இல் பிலிப்ஸ் கொண்டுவந்த ஒலிநாடாதான் வண்டிகளுக்குள் குடியேறியது. 1982இல் குறுவட்டு சந்தைக்கு வந்தது. இரண்டே ஆண்டுகளில் பயனியர் நிறுவனம் அதைக் காருக்குள் ஓடவைத்தது. ஆயினும் ஒரு வட்டில் 74 நிமிடப் பாட்டுத்தான். 1995இல் எம்பி3 என்று பெயர்பெற்ற சுருக்கமுறை, அதே பாட்டைப் பதினொன்றில் ஒரு பங்கு இடத்தில் அடக்கியது. 700 மெகாபைட் வட்டில் ஏறத்தாழ நூற்றைம்பது பாடல்கள். பன்னிரண்டு மணி நேரம். இக்கோப்புகளைப் படிக்கும் கார் ஸ்டீரியோக்கள் 2000ஆம் ஆண்டையொட்டிப் பரவத் தொடங்கின.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியே, கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைக்கு ஏறும் கல்வராயன் மலைப்பாதையை நினைத்துப் பார்த்தால் இந்த வட்டின் அருமை விளங்கும். பண்பலை வானொலி நேர்கோட்டில் செல்வது. ஒரு கொண்டையூசி வளைவில் வரும் பாட்டு அடுத்த வளைவில் மலைக்குப் பின்னால் மறைந்துவிடும். சாதாரணக் குறுவட்டுக்கோ குழி விழுந்த சாலை பகை. லேசர் ஒளி தடம் தவறினால் பாட்டு எகிறும். அதற்காகவே சில கருவிகள் பாட்டைச் சற்று முன்னதாகப் படித்து நினைவகத்தில் சேர்த்துவைத்தன. இரண்டு மெகாபைட் நினைவகத்தில் சாதாரணக் குறுவட்டின் இசை பன்னிரண்டு விநாடிகூடத் தாங்காது. எம்பி3யோ இரண்டு நிமிடம் தாங்கும். நகரத்து வசதிக்கென்று பிறந்த ஒன்று, மலைச்சாலைக்கே செய்ததுபோல் பொருந்திப்போனது.

பதிவதில் தொல்லைகள் இருந்தன. பதிவை முடித்து வட்டை மூடாவிட்டால் ஸ்டீரியோ அதை அடையாளம் காணாது. அழித்தெழுதும் வட்டுகள் ஒளியைக் குறைவாகப் பிரதிபலிப்பதால் பல கருவிகள் அவற்றைத் துப்பிவிட்டன. ஐஎஸ்ஓ 9660 என்ற பழைய விதியின் முதல் நிலையில் கோப்பின் பெயருக்கு எட்டே எழுத்துகள், அதுவும் ஆங்கிலப் பெரிய எழுத்துகள். 'டிராக்01' என்று திரையில் ஓடிய பெயர்களின் பின்னே எத்தனை கவிஞர்கள் நின்றார்கள்!

முன்பு திரையரங்க வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் பாடலாசிரியர் பெயர் இருந்தது. பல ஒலிநாடாக்களின் உள்ளட்டையிலும் இருந்தது. கோப்புக்கு அட்டை ஏது? அந்தக் குறையைத் தீர்க்க 1996இல் வந்ததுதான் ஐடி3 என்ற ஒட்டுக்குறிப்பு: கோப்பின் கடைசியில் 128 பைட். தலைப்புக்கு 30, கலைஞருக்கு 30, தொகுப்புக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, வகைக்கு ஒன்று. எழுதியவருக்கென்று ஓரிடமும் இல்லை. மேற்கத்தியப் பாடகர் பலர் தம் பாட்டைத் தாமே எழுதுபவர்கள். அந்த வழக்கத்தில் பிறந்த படிவத்துக்குள் நம் திரைப்பாடல் திணிக்கப்பட்டது. அதில் தமிழ் எழுத்துக்கே இடமில்லை என்பது வேறு கதை. ஒருங்குறியில் எழுதிவைத்தாலும் கண்ணதாசன் 27 பைட்டில் அடங்கிவிடுவார். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்துக்கோ ஊர்ப்பெயருக்கே இடம் போதாது. முதற்பட்டியலின் 80 இசை வகைகளில் நாட்டுப்பாடலும் கிடையாது. வினாம்ப் மென்பொருள் பின்னர் நீட்டிய பட்டியலில்தான் அது வந்தது.

1998இல் வந்த இரண்டாம் வடிவம் பாடலாசிரியருக்குத் தனி இடம் தந்தது. கார் ஸ்டீரியோவின் ஒற்றைவரித் திரையோ பெரும்பாலும் அதைக் காட்டவே இல்லை. திரையில் இல்லாதவரைக் கேட்பவர் எதற்குத் தேடப்போகிறார்? திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 2012இல் ஒன்றைத் தெளிவாக்கியது: திரையரங்குக்கு வெளியே பாடல் பயன்படும்போது, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமையை வாங்கியவரோடு சமமாகப் பங்கு பெறுவார்கள்; அந்தப் பங்கை அவர்களே விட்டுக்கொடுக்கவும் இயலாது. பெயரின்றிப் புழங்கிய கோப்புக்கு யார் கணக்கில் பங்கு எழுதுவது?

கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் பாடல்களை எண்ணும்போது இது இன்னும் உறுத்துகிறது. (அப்பெயர் மலையில் வாழ்வோர் என்ற பொருளது, கேரளத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) வாய்மொழிப் பாடலுக்கு ஆசிரியர் பெயர் இராது. பாடியவர், ஊர், பாடப்பட்ட தருணம் ஆகிய மூன்றுமே அதன் முகவரி. அங்கு போய்ப் பாடல்களைப் பதிவுசெய்யும் நண்பர்கள் இம்மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுவது நல்லது. ஒட்டுக்குறிப்பை அடுத்த கருவி படிக்காமல் போகலாம். கோப்பின் பெயரோ கோப்போடு சேர்ந்தே போகும்.