தலைச்சொல் எது? ஷுல்மனின் 1986ஆம் ஆண்டுக் கட்டுரையும் அறிவியல் பட்டதாரி ஆசிரியரும்

அறிவியல் பட்டதாரி பாடத்தைக் கல்லூரியிலேயே கற்றுவிடுகிறார், பி.எட். படிப்பு கற்பிக்கும் முறையைச் சேர்த்தால் போதும் என்ற கருத்து ஆசிரியர் கல்வி ஆய்வுகளில் வேரூன்றியிருக்கிறது. அதற்குத் துணையாகக் கல்வியியல் அறிஞர் லீ ஷுல்மனை அழைப்பதும் உண்டு. அவருடைய 1986ஆம் ஆண்டுக் கட்டுரை அந்த வாசிப்புக்கு இடம் தரவில்லை என்பது என் வாதம்.

அதில் அவர் முன்வைத்த 'pedagogical content knowledge' என்ற கருத்தாக்கத்தைத் தமிழில் 'பாடப்பொருள் சார்ந்த கற்பித்தல் அறிவு' என்றும் சொல்லலாம், 'கற்பித்தல் சார்ந்த பாடப்பொருள் அறிவு' என்றும் சொல்லலாம். தமிழ்த் தொடரில் தலைச்சொல் இறுதியில் நிற்கும். ஆகவே முதலாவதில் அது கற்பித்தலின் கிளை. இரண்டாவதில் பாடத்தின் கிளை. 1986 கட்டுரையில் ஷுல்மன் பாடப்பொருள் அறிவை மூன்றாகப் பிரித்து, அவற்றுள் ஒன்றாகவே இதை வைக்கிறார். 1987இல் வெளியிட்ட ஏழு வகைப் பட்டியலில்தான் இது தனி இனமாக, பாடமும் கற்பித்தலும் கலந்த கலவையாக வருகிறது. முந்தைய ஆய்வாளர்கள் பின்னதைக் கொண்டு முன்னதை வாசித்தார்கள். பட்டியலில் தனி வரி கிடைத்ததாலேயே பழைய உறவு அறுந்துவிட்டதாகக் கொள்ள முடியாது.

கட்டுரையின் தொடக்கத்தில் 1875ஆம் ஆண்டு கலிபோர்னிய ஆசிரியர் தேர்வு வருகிறது. 1000 மதிப்பெண்ணில் கற்பித்தல் கோட்பாட்டுக்கும் நடைமுறைக்கும் 50 மட்டுமே. அன்று பாடம் ஓங்கியது, பிறகு முறை ஓங்கியது, இரண்டையும் சமன் செய்யச் சொல்கிறார் ஷுல்மன் என்று இதை விளக்குவார்கள். சமநிலைதான் நோக்கம் என்றால் அவர் அங்கேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. வால்டர் ஓங்கின் ஆய்வைத் துணைக்கொண்டு இடைக்காலப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார். அங்கே முதுநிலை, முனைவர் பட்டப்பெயர்களுக்கே 'ஆசிரியர்' என்றுதான் பொருள்; கற்பித்துக் காட்டுவதே பாடம் அறிந்ததற்குச் சான்று. அவர் தேடுவது இரண்டும் பிரியாதிருந்த நிலையை.

எது தலைச்சொல் என்ற இந்தக் கேள்வி சொல்லாராய்ச்சி மட்டுமன்று; வகுப்பறையையும் தொடுகிறது. 'ஐஸ் கரைஞ்சிடுச்சு' என்கிறோம். உப்பும் தண்ணீரில் கரைகிறது என்கிறோம். உருகுதல், கரைதல் என்று பாடநூல் பிரிப்பதைப் பேச்சுமொழி ஒரே வினைச்சொல்லில் அடக்கிவிடுகிறது. 'ஐஸ் வெயிலில் கரைகிறதே, உப்பு ஏன் கரைவதில்லை?' என்று ஒரு மாணவி கேட்டால் அது நல்ல கேள்வி. தூத்துக்குடி உப்பளத்தில் வெயிலில்தான் உப்பு விளைகிறது! பனிக்கட்டி ஒரே பொருள். வெப்பம் பெற்று 0 டிகிரி செல்சியஸில் நீராகிறது. உப்பு தனியே உருக 801 டிகிரி வேண்டும். ஆனால் குளிர்ந்த நீரிலேயே மறைந்துவிடுகிறது. நீர் மூலக்கூறுகள் அயனிகளைச் சூழும்போது வெளிப்படும் ஆற்றல், படிக அணிக்கோவையைக் குலைக்கத் தேவையான ஆற்றலை ஏறத்தாழ ஈடுகட்டுகிறது. படிக அணிக்கோவை ஆற்றலைக் கண்டறிய உதவும் பார்ன்–ஹேபர் சுழற்சியைத் தேர்வில் பிழையின்றிக் கணக்கிடும் மாணவருக்கு இத்தனையும் தெரியும். அந்த மாணவியின் குழப்பத்துக்கு இதில் எந்தத் துண்டு விடை என்று கண்டுகொள்வதுதான் எஞ்சியிருக்கும் வேலை. அதை எந்தக் கற்பித்தல் உத்தியும் செய்து தராது. வேதியியலை மறுபடி, வேறொரு திசையிலிருந்து சிந்தித்தாக வேண்டும்.

ஒரு கட்டுரையின் வகைப்பாட்டிலிருந்து பாடத்திட்டத்தையே வகுத்துவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வகுப்பறை மேலாண்மை, குழந்தை உளவியல் போன்றவற்றுக்குக் கல்வியியல் கல்லூரியே உரிய இடம். ஆனால் ஆராய்ச்சிக்கு ஆள் தயாரிப்பதே அறிவியல் துறைகளின் பணி என்ற மறுப்பு நிற்காது. அங்கே படிப்பவர்களில் பலர் பள்ளிக்குத்தான் போகிறார்கள்.

பி.எட். 2015இல் ஈராண்டுப் படிப்பானது. அதில் பள்ளி அனுபவத்துக்கு 20 வாரங்கள் உண்டு. ஆனால் உப்பையும் பனிக்கட்டியையும் பற்றிய அந்தக் கேள்வியை ஒருவர் முதன்முதலாக அந்த 20 வாரங்களில் சந்திப்பது காலம் கடந்த சந்திப்பு. மைசூரில் 1963இல் தொடங்கிய வட்டாரக் கல்வியியல் கல்லூரியின் நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பு பாடத்தையும் பயிற்சியையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. ஆனால் கூரை ஒன்றானதாலேயே வினாத்தாள் ஒன்றாகிவிடாது. வேதியியல் துறைகள் தங்கள் இளநிலைப் பருவத் தேர்வில், பார்ன்–ஹேபர் கணக்குக்கு அடுத்த வினாவாக, அந்த மாணவியின் கேள்வியை வைக்க வேண்டும்.