மலைநாட்டுத் தோட்டங்களில் ஒரு சிறு மந்தை

டிக்கோயாவில் 1878ஆம் ஆண்டு எழுந்த வார்லி தேவாலயம், துரைமார் தமக்கெனக் கட்டிக்கொண்ட ஆலயமாகும். மலைநாட்டுக் கிறிஸ்தவத்தின் வரலாற்றை அதன் சுவர்களில் மட்டும் தேடுவோர் பாதியையே காண்பர். மறுபாதி லயங்களில் நடந்தது.

கோப்பிப் பயிர் ஓங்கியிருந்த 1854இல், தோட்டத் துரைமார் சிலரின் முயற்சியாலும் சி. எம். எஸ். சங்கத்தின் துணையாலும் ‘தமிழ்க் கூலி மிஷன்’ தொடங்கிற்று. அக்காலத்தவர் அம்மக்களை எவ்வாறு நோக்கினர் என்பதைப் பெயரே காட்டிவிடுகின்றது. துரைமாரின் நோக்கம் முற்றும் அருள் சார்ந்தது என்று கொள்வதற்கில்லை. அடக்கமுள்ள உழைப்பாளி அவர்களுக்கும் வேண்டியவனே. ஆயினும் திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்களை அக்கணக்கில் சேர்ப்பது நியாயமன்று. மழையிலும் அட்டைக் கடியிலும் தோட்டந்தோட்டமாக நடந்தவர்கள் அவர்களே. விடியலில் பிரட்டுக்குச் செல்லும் மக்களை மாலையில்தான் சந்திக்கலாம். கங்காணி வேறு தோட்டம் போனால் அவன் ஆட்களும் போவர். ஓராண்டு கூடிய சபை மறு ஆண்டு சிதறும். மாரியம்மன் திருவிழாவே ஊரின் உறவாயிருந்த லயத்தில், ஞானஸ்நானம் பெற்றவன் உற்றாரிடையே தனித்து நிற்கவும் நேர்ந்தது.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. மந்தையும் மெல்ல மீண்டது.

இதனினும் கொடிய சோதனை சட்டத்தின் வடிவில் வந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தங்கைக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று குடும்பங்கள் பிளந்தன. ஒரே தட்டில் அப்பம் பிட்டவர்களும் பிரிந்தனர். தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற புகைவண்டியை மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றே அழைத்தனர்.

அந்நாளில் திருச்சபை வெறும் ஆறுதல் மொழியோடு நின்றுவிடவில்லை என்பதற்குப் போல் கஸ்பர்ஸ் அடிகளார் சான்று. சிங்களவர் தமிழர் இருசாராரையும் ஒன்றுசேர்த்து, 1972இல் கண்டியில் ‘சத்யோதய’ நிலையத்தை அவ்வியேசு சபைக் குரு நிறுவினார். தோட்ட மக்களின் உரிமைக்காக இடைவிடாது குரல் கொடுத்தார். நாடற்றோர் சிக்கல் 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால் தீர்ந்தது. அதற்குள் 1948இல் தொட்டிலிற் கிடந்த பிள்ளைக்கு வயது 55.