தீப்பெட்டிப் படம் வளர்த்த ஊர்



உங்கள் வீட்டுச் சமையலறையில் தினசரி காலண்டர் தொங்குகிறதா? டொராண்டோவில் எங்கள் வீட்டில் எப்போதும் ஒன்று உண்டு. வருடக் கடைசியில் தமிழ்க் கடையில் சாமான் வாங்கினால் இலவசமாகக் கொடுப்பார்கள். மேலே முருகன், கீழே கடையின் பெயர், அதற்கும் கீழே நாள், நட்சத்திரம், ராகு காலம். தாளைக் கிழிக்க நானும் தங்கையும் போட்டி போடுவோம். ஓரத்தில் எறும்பு அளவு எழுத்தில் ‘சிவகாசி’ என்று இருக்கும். பத்து வயது வரை அது ஏதோ ஒரு சாமியின் பெயர் என்றே நினைத்திருந்தேன்.

அது ஓர் ஊர். தமிழ்நாட்டின் தெற்கே, விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. மழை குறைவு, விவசாயத்தை நம்பி வாழ முடியாத பூமி. 1922-இல் அந்த ஊரிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு, 1923-இல் ஊர் திரும்பித் தொழிற்சாலை தொடங்கினார்கள்.

அப்போது சந்தையில் ஸ்வீடன் தீப்பெட்டியும் ஜப்பான் தீப்பெட்டியும் இருந்தன. உள்ளே இருக்கும் குச்சி எல்லாமே பார்வைக்கு ஒன்றுதான். அப்படியானால் வாங்குபவர் எதை வைத்து அடையாளம் காண்பார்? படத்தை வைத்துத்தான். அன்றைக்குப் பெரும்பாலான மக்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடையில் போய் ‘அணில் தீப்பெட்டி கொடுங்க’, ‘காக்கா தீப்பெட்டி கொடுங்க’ என்று படத்தைச் சொல்லித்தான் கேட்க முடியும். நான் இன்று அலுவலகத்தில் மொபைல் செயலிக்கு ஐகான் தேர்வு செய்யும்போதும் இதே கேள்விதான் வருகிறது: படிக்காமலேயே புரியுமா? காக்கா படம் எவ்வளவு பிரபலமானது தெரியுமா? முதலாளிக்கே ‘காக்கா சண்முக நாடார்’ என்று பெயர் வந்துவிட்டது.

தீப்பெட்டியில் இன்னொரு விசேஷமும் உண்டு. 1844-இல் ஸ்வீடனின் குஸ்டாவ் பாஷ் காப்புரிமை பெற்ற பாதுகாப்புத் தீக்குச்சியில், குச்சியின் தலையில் ஒரு ரசாயனமும் பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸும் இருக்கும். இரண்டும் உரசினால்தான் தீ. அதாவது, பெட்டியும் பொருளின் ஒரு பாதி!

லட்சக்கணக்கில் பெட்டி செய்தால் லட்சக்கணக்கில் படமும் வேண்டும். அதை வெளியூரில் அச்சடித்துக் கொண்டுவந்தால் செலவு. ஆகவே ஊரிலேயே அச்சகங்கள் வந்தன. முதலில் வந்த முறை லித்தோ, அதாவது கல் அச்சு. 1796 வாக்கில் ஜெர்மனியில் அலோய்ஸ் செனெஃபெல்டர் கண்டுபிடித்தது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதுதான் இதன் ரகசியம். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள பென்சிலால் வரைந்து, கல்லை ஈரமாக்குவார்கள். பிறகு மை தடவினால், வரைந்த இடத்தில் மட்டும் மை ஒட்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். ஒரு கல் கொஞ்சம் நகர்ந்தாலும் முருகனின் உதட்டுச் சிவப்பு தாடைக்குப் போய்விடும்.

இங்கேதான் வறண்ட பூமி கைகொடுத்தது. ஈரக் காற்றில் காகிதம் உப்பும், நிறங்கள் பொருந்தாது. ஈரம் பட்டால் தீக்குச்சி நமுக்கும், பட்டாசும் நமுக்கும். விவசாயத்துக்கு உதவாத அதே வெயில், தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்ற மூன்று தொழிலையும் வளர்த்தது.

பக்கத்து ஊரான கோவில்பட்டியில் கொண்டையராஜு (1898–1976) என்ற ஓவியர் இருந்தார். நாடகத் திரைச்சீலைகள் வரைந்தவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் காலண்டர்களாக அச்சாகி வீடு வீடாகப் போயின. காலண்டர் வியாபாரத்தின் தந்திரம் எளிமையானது. படத்தை மொத்தமாக அச்சடித்து, கீழே இடம் விட்டுவிடுவார்கள். எந்தக் கடை கேட்கிறதோ அதன் பெயரை அங்கே அச்சடித்துக் கொடுப்பார்கள். மளிகைக் கடையின் விளம்பரம் 365 நாளும் சாமி பக்கத்திலேயே தொங்கும்! இன்றும் ஒவ்வொரு ஆண்டும் ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு, அடுத்த ஆண்டு காலண்டருக்கான ஆல்பத்தை சிவகாசியில் வெளியிடுகிறார்கள்.

என் அப்பா சாத்தூர்ப் பக்கம் வளர்ந்தவர். சின்ன வயதில் சேர்த்த தீப்பெட்டிப் படங்களை ஒரு பழைய நோட்டில் ஒட்டி, கனடாவுக்கும் கொண்டுவந்தார். புலி, கப்பல், தாமரை, விமானம். ஒருநாள் நோட்டைப் புரட்டியபடி கேட்டேன்.

“அப்பா, இதையெல்லாம் பெட்டியில யார் ஒட்டுனாங்க? மெஷினா?”

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, “எங்க வயசுப் பிள்ளைங்கதாம்மா. அதுங்க விடியக் காலையில வேலைக்குப் போகும். நான் பள்ளிக்கூடம் போனேன்” என்றார்.

144 பெட்டி ஒரு குரோஸ். குரோஸ் கணக்கில்தான் கூலி. சின்ன விரல்கள் வேகமாக ஒட்டும் என்று சொல்லிக் குழந்தைகளை உட்கார வைத்தார்கள். 1986-இல் வந்த சட்டம் 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களைத் தீப்பெட்டித் தொழிலில் வைக்கத் தடை விதித்தது. ஆனால் வீட்டில் குடும்பத்தோடு செய்யும் வேலைக்கு விலக்கு இருந்தது. பெட்டி ஒட்டுவதோ வீட்டிலும் நடக்கும் வேலை. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: சட்டத்தை மீறி ஆபத்தான வேலையில் வைக்கும் முதலாளி, ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்தக் குழந்தை பள்ளிக்குப் போக வேண்டும்.

அப்பாவின் நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. படங்கள் இன்னும் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் புலியைப் பார்க்கும்போது, அதைப் பெட்டியில் ஒட்டிய பிள்ளையும் நினைவுக்கு வருகிறது. அந்தப் பிள்ளையின் பெயர் எந்தப் படத்திலும் இல்லை.

இன்று உங்கள் வீட்டு காலண்டரின் ஓரத்தில், தீப்பெட்டியின் பின்புறத்தில் என்ன ஊர் அச்சாகி இருக்கிறது என்று பாருங்கள். அந்த ஊரைப் பற்றி அம்மா அப்பாவிடமும் தாத்தா பாட்டியிடமும் கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.