தவறணைக்காரர் காசு கொடுத்து வைத்த உபதேசம்

மது நமக்கு ஹராம். அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் இங்கிலாந்தின் ஒரு சிறு நகரத்தின் வரலாற்றைப் படிக்கப் போனால் அங்குள்ள பழைய பப்புகளைத் தாண்டி நாம் போக முடியாது. பப் என்றதும் நம் ஊர்த் தவறணையை நினைத்துவிட வேண்டாம். ரயில் வராத காலத்தில் அதுதான் பயணிகள் தங்கும் இடம், குதிரை மாற்றும் இடம், தபால் வண்டி நிற்கும் இடம், தேர்தல் கூட்டம் கூடும் இடம். எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

லிங்கன்ஷயரிலுள்ள கிரான்தம் நகரத்தை எடுத்துக்கொள்வோம். லண்டனிலிருந்து ஸ்கொட்லாந்துக்குப் போகும் பழைய பெருவழியில், சுமார் 110 மைல் தொலைவில் இருக்கிறது. நியூட்டன் படித்த பாடசாலையும், 1925 இல் மார்கரெட் தட்சர் பிறந்த மளிகைக் கடை வீடும் இங்கேதான். ஆனால் ஊரின் பழைய ஞாபகங்கள் அதிகம் தங்கியிருப்பது விடுதிப் பலகைகளில்.

அங்குள்ள 'ஏஞ்சல்' விடுதியின் கல் முகப்பு 15 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1483 ஒக்டோபரில் மூன்றாம் ரிச்சர்ட் மன்னர் இங்கு தங்கியிருந்தார். பக்கிங்ஹாம் கோமகன் கிளர்ச்சி செய்த நேரம் அது. அரச பெருமுத்திரையை லண்டனிலிருந்து வரவழைத்து, இந்த விடுதி அறையில் வைத்தே மன்னர் பெற்றுக்கொண்டார். பக்கிங்ஹாமின் மரண ஆணையில் அவர் கையொப்பமிட்டதும் இங்கேதான் என்று ஊரார் சொல்வார்கள். முத்திரை வந்ததற்குப் பதிவு இருக்கிறது, மற்றதை ஊர்க்கதையாகவே வைத்துக்கொள்வோம். எப்படியோ, இரண்டு வாரத்தில் அவருடைய தலை போய்விட்டது.

நம்மை அதிகம் யோசிக்க வைப்பது மன்னரின் கதையல்ல. 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே ஏஞ்சலை நடத்தியவர் மைக்கேல் சொலமன். வாழ்நாள் முழுக்க மது விற்றுச் சம்பாதித்த மனிதர். அவர் தன் மரண சாசனத்தில் ஆண்டுக்கு 40 ஷில்லிங் ஒதுக்கினார். எதற்கு? செப்டம்பர் இறுதியில் வரும் மைக்கேல் திருநாளையொட்டி, ஊர்த் தேவாலயத்தில் குடிவெறிக்கு எதிராக ஓர் உபதேசம் செய்வதற்கு! குடித்து அழிந்தவர்களை அவரை விட நெருக்கமாகப் பார்த்தவர் யார் இருக்க முடியும்? உயிரோடு இருக்கும்போது கடையை மூடியிருக்கலாமே என்று கேட்கத்தான் தோன்றுகிறது. ஆனாலும் அந்த உபதேச வழக்கம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது.

இன்னொரு வேடிக்கை. நீலப் பன்றி, நீலக் காளை, நீலச் சிங்கம், நீலச் செம்மறி. இவையெல்லாம் இந்த ஊர் விடுதிகளின் பெயர்கள். ஊரில் பல கட்டடங்களுக்குச் சொந்தக்காரர்களான மேனர்ஸ் குடும்பத்தின் தேர்தல் நிறம் நீலம். வீடு வீடாகக் கொடி கட்டுவதற்குப் பதிலாக விடுதிப் பலகைக்கே நிறம் பூசிவிட்டார்கள். தேர்தல் முடிந்து எத்தனையோ காலமாகிவிட்டது, பன்றி மட்டும் இன்னும் நீலமாகவே இருக்கிறது.

'தேன்கூடு' விடுதியில் பலகையே உயிருள்ளது. வாசல் மரத்தில் உண்மையான தேனீப் பெட்டி ஒன்றை வைத்திருந்தார்கள்.

ஆசிரியர்களாகிய நாம் குறிப்பாக நினைக்க வேண்டியது 'ஜோர்ஜ்' விடுதியை. 1838 ஜனவரியில் சார்ள்ஸ் டிக்கன்ஸ் இங்கு தங்கினார். பிள்ளைகளைப் பட்டினி போட்டு அடித்த யோர்க்ஷயர் விடுதிப் பாடசாலைகளை நேரில் பார்க்கப் போகும் வழியில்தான். அந்தப் பயணத்திலிருந்து பிறந்த 'நிக்கலஸ் நிக்கல்பி' நாவலில் இந்த விடுதியும் வருகிறது. கொடுமைக்கார ஆசிரியர் ஸ்குவீயர்ஸ், தான் சேர்த்த சிறுவர்களுடன் வண்டியில் போவதும் இதே வழியாகத்தான்.

1852 இல் லண்டன் ரயில் வந்ததும் குதிரை வண்டிகள் ஓய்ந்தன. 1962 இல் புறவழிச் சாலை வந்து கார்களையும் ஊருக்கு வெளியே கொண்டுபோனது. ஜோர்ஜ் பிற்காலத்தில் கடைத்தொகுதியாக மாறியது. பெயரை மட்டும் மாற்றாமல் விட்டிருக்கிறார்கள்.