பல ரூட்டர்களும் சரிபார்த்த வழிகளும்

வலைச் செயலியொன்றின் நிரலில் எழுதப்படும் உள் இணைப்புகள் ரூட்டரில் அறிவிக்கப்பட்ட ஏதேனும் ஒரு வழிக்குப் பொருந்துகின்றனவா என்பதை, செயலி இயங்கத் தொடங்குமுன், கம்பைல் ஆகும் சமயத்திலேயே பரிசோதித்து எச்சரிக்கும் ஏற்பாட்டுக்குச் சரிபார்த்த வழிகள் என்று பெயர். எலிக்ஸிர் மொழியில் கிறிஸ் மெக்கார்ட் ஆக்கிய பீனிக்ஸ் என்னும் சட்டகத்தில், 2023 பிப்ரவரியில் வெளிவந்த 1.7ஆம் பதிப்பின் வாயிலாக இது வழக்குக்கு வந்தது.

அதற்கு முன்பு, வழிகளுக்கென ரூட்டர் தானே பிறப்பித்த உதவிச் சார்புகளின் பெயர்களை நிரலாளர் ஞாபகத்தில் வைத்து அழைக்க வேண்டியிருந்தது. இப்போதோ, உலாவியின் முகவரிப் பட்டையில் தோன்றும் வடிவத்திலேயே பாதையை மேற்கோளுக்குள் எழுதி, அதன் முன்னே ஓர் அலைக்குறியையும் ஆங்கில 'பி' எழுத்தையும் இட்டால் போதும். பொருந்தாத பாதைக்குக் கம்பைலர் தருவது எச்சரிக்கையேயன்றிப் பிழையன்று. ஆதலால் எச்சரிக்கைகளைப் பிழைகளாகவே பாவிக்கும்படி கட்டளையிட்டுக் கம்பைல் செய்யாதவர்கள் இம்முறையின் பிரயோஜனத்தில் பெரும்பகுதியைக் கைவிட்டவர்களே ஆவர்.

ஒரு மாட்யூல் இம்முறையை ஏற்கும்போது செயலிக்கு வரும் கோரிக்கைகளின் நுழைவாயிலான ஓர் எண்ட்பாயிண்டையும் ஒரே ஒரு ரூட்டரையும் குறிப்பிடுகிறது. அதன் பாதைகளெல்லாம் அந்த ரூட்டரை முன்வைத்தே சோதிக்கப்படுகின்றன. செயலி வளர்ந்து ரூட்டர்கள் பலவாகும்போது சிக்கல் பிறப்பது இங்கேதான்.

முதன்மை ரூட்டர் '/நிர்வாகம்' என்று தொடங்கும் கோரிக்கைகளை 'ஃபார்வர்டு' என்னும் அறிவிப்பின் மூலம் வேறொரு ரூட்டரிடம் ஒப்படைக்கிறது என்றும், அந்த இரண்டாவது ரூட்டரில் '/பயனர்கள்' என்னும் வழி உண்டு என்றும் கொள்வோம். முதன்மை ரூட்டரைச் சார்ந்த பக்கமொன்றில் '/நிர்வாகம்/பயனர்கள்' என்று முழுமையாக எழுதினால், சோதனையானது ஒப்படைப்பைப் பின்தொடர்ந்து உள் ரூட்டர் வரை சென்று பார்க்கிறது. உள் ரூட்டரைச் சார்ந்த மாட்யூலிலோ '/பயனர்கள்' என்று மட்டும் எழுதுவதே முறை. ஆனால் அதை அலைக்குறியோடு வெறுமனே எழுதி நிறுத்திவிட்டால், கம்பைலர் யாதொரு எச்சரிக்கையும் தராத போதிலும், பயனரின் திரையில் உருவாகும் இணைப்பு '/நிர்வாகம்' என்னும் முன்னொட்டை இழந்து நிற்கும்; ஏனெனில் அந்த வடிவம் எண்ட்பாயிண்டை மட்டுமே அறியும், நடப்புக் கோரிக்கை எந்த ஒப்படைப்பின் வழியே வந்தது என்பதை அறியாது. அதை அறிந்த, நடப்புக் கோரிக்கையின் விவரங்களைத் தாங்கும் 'கான்' என்பதை 'பாத்' என்னும் மேக்ரோவுக்கு முதலில் கொடுத்து, பாதையை அதன் பின் கொடுத்தால்தான் முன்னொட்டு சேர்கிறது. பாதை சரிபார்க்கப்பட்டது என்பதும் இணைப்பு சரியான இடத்துக்குச் செல்லும் என்பதும் வெவ்வேறு விஷயங்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது.

மாட்யூலின் இயல்பான ரூட்டரை விட்டு மற்றொன்றை நாட வேண்டிய சந்தர்ப்பத்தில், அதே மேக்ரோவுக்கு நடுவில் அந்த ரூட்டரின் பெயரையும் சேர்த்து மூன்றாகக் கொடுக்கலாம். சோதனை அப்போது அந்த ரூட்டரின்மீது நடைபெறும்.

ஒரு செயலிக்குள் பல ரூட்டர்கள் என்பதற்கு மாறாக, இரு செயலிகள் தத்தமக்கென எண்ட்பாயிண்டும் ஹோஸ்ட் பெயரும் கொண்டு, பல செயலிகளை ஒன்றாக வைத்திருக்கும் ஒரே அம்ப்ரெல்லா திட்டத்தில் வாழுமானால், 'யூஆர்எல்' என்னும் மேக்ரோவுக்கு மற்றதன் எண்ட்பாயிண்டையும் ரூட்டரையும் தந்து முழு முகவரியைப் பெறலாம். ஆயினும் எலிக்ஸிரின் மிக்ஸ் என்னும் கட்டுமானக் கருவி இரு செயலிகள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதை அனுமதிப்பதில்லையாகையால், ஒரு திசையில் செல்லும் இணைப்புகளே இச்சலுகையைப் பெறும். எதிர்த்திசை இணைப்புகளுக்கு அடிப்படை முகவரியைக் கட்டமைப்புக் கோப்பில் வைத்து, அவற்றைச் சோதனைத் தொகுப்பினால் காப்பதே உசிதம். அவற்றையும் சரிபார்த்தவைபோல் தோற்றமளிக்கச் செய்யும் தந்திரங்கள் வேண்டாதவை.

கம்பைல் சமயத்துச் சோதனைக்கு எல்லைகளும் உண்டு. அது கெட், போஸ்ட் என்னும் கோரிக்கை வினைகளின் பேதத்தைப் பார்ப்பதில்லை. ஒரே பாதை இரு ரூட்டர்களிலும் இருந்தால், தவறான ரூட்டரைச் சுட்டிய இணைப்பும் தடையின்றித் தேறிவிடும். எதையும் ஏற்கும் நட்சத்திரக்குறி வழியொன்று ரூட்டரின் கடைசியில் இருந்தாலோ எழுத்துப்பிழையுள்ள பாதையும் அதனுள் அடங்கிவிடும். இதற்கென்றே அவ்வழிக்கு மட்டும் 'வார்ன் ஆன் வெரிஃபை' என்னும் விருப்பத்தை இட்டு, அதனோடு பொருந்தும் பாதைகளுக்கும் எச்சரிக்கை வரும்படி செய்ய இடமுண்டு.