புழக்கடைத் தோட்டத்தில் ஐந்நூறு வருஷச் சரித்திரம்



புரட்டாசி பிறந்தாச்சு. ஐப்பசி அடைமழைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். வயல் வேலை தலைக்கு மேல் கிடக்கிற நேரத்தில் புழக்கடைத் தோட்டத்தைப் பற்றி என்ன பேச்சு என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற அந்த இரண்டு சென்ட் இடத்தில் ஒரு பெரிய சரித்திரமே இருக்கிறது.

உங்கள் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பந்தலில் அவரை, பீர்க்கு. வேலியில் பாகல். பாத்தியில் கத்தரி. இவையெல்லாம் நம் நாட்டில் வெகுகாலமாக விளைபவை. ஆனால் பக்கத்திலேயே நிற்கிற மிளகாய், தக்காளி, பறங்கி, கொய்யா, பப்பாளி, ஆயுத பூஜைக்கு மாலை கட்டுகிற செண்டுமல்லி (தெற்கே கேந்தி என்பார்கள்) எல்லாம் எங்கிருந்து வந்தவை தெரியுமா? அத்தனையும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள்!

1492-இல் கொலம்பஸ் இந்தியாவைத் தேடிக் கிளம்பி, அமெரிக்கக் கரையோரத் தீவுகளில் போய் இறங்கினார். மிளகாயை ஐரோப்பியர்கள் அங்கேதான் கண்டார்கள். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். அடுத்த நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கப்பல்கள் வழியாக மிளகாய் நம் கரைக்கு வந்தது. மிளகு வாங்க வந்தவர்கள் மிளகாயைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அதற்கு முன்னால் நம் குழம்புக்குக் காரம் கொடுத்தது மிளகுதான். மிளகு போல் காரமான காய் என்பதால்தான் அதற்கு மிளகாய் என்று பெயர். பறங்கியர் பெயரைப் பறங்கிக்காய் இன்னமும் சுமந்துகொண்டிருக்கிறது. பல பழைய கோயில் மடைப்பள்ளிகளில் இன்றைக்கும் மிளகுதான், மிளகாய் நுழைவதில்லை. பல வீடுகளில் திவசச் சமையலிலும் அப்படித்தான்.

சரி, கப்பலில் வந்த செடி நம்முடையதாக எப்படி ஆயிற்று? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். வீட்டில் சாதாரணமாக எடுத்து வைக்கிற மிளகாய் விதை இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் சரியாக முளைக்காது. அப்படியானால் நானூறு வருஷத்துக்கும் மேலாக யாரோ ஒருவர் விடாமல் விதைத்து, நல்ல பழமாகப் பார்த்துப் பொறுக்கி, காயவைத்து, அடுத்த பட்டத்துக்குப் பத்திரப்படுத்தியிருக்க வேண்டும். அந்த வேலையைப் பெரும்பாலும் செய்தது நம் பாட்டிமார்கள்தான். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆனால் அவர்கள் பொறுக்கிய விதை இருக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாயைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையை நம்பி மானாவாரியாக விளைகிற அந்த உருண்டை மிளகாய், தலைமுறை தலைமுறையாக விதை பொறுக்கியதால் நிலைத்த ரகம்.

இன்றைக்குக் கடையில் வீரிய ஒட்டு விதை கிடைக்கிறது. மகசூல் நன்றாகத்தான் வருகிறது, வயலுக்கு வாங்கிப் போடுங்கள். ஆனால் அதன் காயிலிருந்து விதை எடுத்துப் போட்டால், அடுத்த வருஷம் செடிகள் ஒரே சீராக வராது. ஆகவே வீட்டு விதையை நிறுத்திவிட்டால், மூன்றே வருஷத்தில் அந்தச் சங்கிலி அறுந்துபோகும். அப்புறம் தேடினாலும் கிடைக்காது.

அதனால் மழைக்கு முன்னால் இந்த வேலைகளை முடித்துவிடுங்கள். ஆடியில் போட்ட வெண்டை, பீர்க்கு, சுரையில் நோயில்லாத செடியாகப் பார்த்து, இரண்டு மூன்று காய்களை முற்றவிட்டிருப்பீர்கள். செடியிலேயே காய்ந்ததும் பறித்துவிட வேண்டும். அடைமழையில் நனைந்தால் விதை கறுத்துப் பூசணம் பிடிக்கும். நிழலில் உலர்த்தி, சலித்த சாம்பலில் கலந்து, மண்கலயத்தில் வையுங்கள். மேலே ரகத்தின் பெயரையும் மாதத்தையும் எழுதி ஒட்டுங்கள்.

மிளகாய், தக்காளி நாற்றை மேட்டுப்பாத்தியில் விடுங்கள். தண்ணீர் தேங்கினால் நாற்று அழுகும். பாத்திகளைச் சுற்றி வடிகால் வெட்டி, செடிகளுக்கு மண் அணையுங்கள். ஓரத்தில் செண்டுமல்லி வையுங்கள். பூவும் ஆச்சு, வேரைத் தாக்கும் நூற்புழுவும் குறையும்.

மிளகாய்ப் பூவில் தேனீ மகரந்தம் மாற்றி வைத்துவிடும். விதைக்கென்று வைத்த செடியில் ஒரு கிளைக்கு, மொட்டு விரியும் முன்பே மெல்லிய துணிப்பை கட்டிவிடுங்கள். காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, அந்தக் காய்களுக்கு நூல் கட்டி அடையாளம் வையுங்கள். நன்றாகச் சிவந்து பழுத்த பிறகு விதை எடுக்கலாம்.

பக்கத்து வீட்டுக்கும் ஒரு பிடி விதை கொடுங்கள். உங்கள் வீட்டில் தவறிப்போனாலும் அங்கே இருக்கும். நம் முன்னோர் ஐந்நூறு வருஷம் காப்பாற்றிக் கொடுத்ததை, நம் காலத்தில் விட்டுவிட வேண்டாம்.